பெரிய ஓட்டைத் தகட்டுப் பேனல் டிராயிங்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

முகப்புக்கு ஓட்டை போட்ட தகடு வரையும்போது வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறக்கின்றன: எத்தனை ஓட்டை என்று வரைபவருக்கே தெரியாது. திரையில் அழகாக இருக்கிறது, அனுப்பிவிடுகிறார்கள். ராணிப்பேட்டை சிப்காட்டில் லேசரோ பஞ்சிங்கோ (அச்சால் அடித்து ஓட்டை போடும் மெஷின்) ஓட்டுபவர் ஃபைலைத் திறந்த பிறகுதான் கோளாறு வெளியே வருகிறது. அதனால் எந்த அறிகுறியானாலும் முதலில் காகிதத்தில் ஓட்டைகளைக் கணக்கிடுங்கள். பிறகு ஃபைலில் எண்ணுங்கள்.

கீழே எல்லா இடத்திலும் ஒரே பேனலை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 2 மி.மீ. அலுமினியம், 1200 × 2400, ஓட்டை 5 மி.மீ., பிட்ச் (அடுத்தடுத்த ஓட்டை மையங்களுக்கு இடைப்பட்ட தூரம்) 8 மி.மீ., வரிசைகள் மாறி மாறி இடைப்புள்ளியாக 60 டிகிரியில். கோலம் போடுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்: நேர்ப்புள்ளி ஒரு வகை, இடைப்புள்ளி ஒரு வகை. தகட்டிலும் அதே இரண்டுதான்.

ஓரத்தில் குறைந்தது 25 மி.மீ. உலோகம் வேண்டுமென்றால், முதல் ஓட்டையின் மையம் விளிம்பிலிருந்து குறைந்தது 27.5 மி.மீ. உள்ளே தள்ளி வர வேண்டும். அகலத்தில் மிஞ்சுவது 1145. அதை 8-ஆல் வகுத்தால் 143 இடைவெளி, ஆக 144 ஓட்டை. இடைப்பட்ட வரிசையில் ஒன்று குறைந்து 143. உயரத்தில் வரிசை இடைவெளி 8 × 0.866025 (60 டிகிரியின் சைன்) = 6.9282. 2345-ஐ அதால் வகுத்தால் 338 இடைவெளி, 339 வரிசை. 170 வரிசையில் 144-ம், 169 வரிசையில் 143-ம் வைத்தால் மொத்தம் 48,647. இந்த எண்ணை டிராயிங்கின் மூலையிலேயே எழுதி வையுங்கள். இனி வரும் பாதிச் சோதனைகள் இதை வைத்துத்தான்.

ஃபைல் திறக்கவே திணறுகிறது, ஜூம் செய்தால் நின்றுவிடுகிறது

ஒரு பேனலுக்கு 48,647 என்றால் 60 பேனல் முகப்புக்கு 29,18,820 சர்க்கிள். எல்லாவற்றையும் ஒரே எலிவேஷனில் (முகப்புத் தோற்ற வரைபடத்தில்) போட்டால் எந்தக் கணினியும் திணறும். ரேம் கூட்டுவதற்கு முன் டிராயிங்கை இரண்டாகப் பிரியுங்கள்.

பார்வைக்கான டிராயிங்கில் ஓட்டையே வேண்டாம். 1:50 அளவில் அச்சிட்டால் 5 மி.மீ. ஓட்டை 0.1 மி.மீ. ஆகிவிடும்; தாளில் கறுப்புத் திட்டாகத்தான் விழும். அங்கே மெல்லிய சாம்பல் நிரப்பல் போதும். பக்கத்தில் 300 × 300 பகுதியை மட்டும் 1:1-ல் உண்மையான ஓட்டைகளோடு காட்டுங்கள். ஆர்க்கிடெக்ட்டுக்கும் அதுதான் உதவும்.

வெட்டுவதற்கான டிராயிங்கில் ஒரு ஃபைலுக்கு ஒரு பேனல் வகை. 60-ல் 52 ஒரே மாதிரி என்றால் ஒரு ஃபைல் போதும், எண்ணிக்கையை எழுத்தில் குறியுங்கள்.

பிரித்த பிறகும் கனமாக இருந்தால்:

- ஆட்டோகேடில் அர்ரே (ஒன்றைச் சீரான இடைவெளியில் பல பிரதியாக்கும் கமாண்ட்) போடும்போது அசோசியேட்டிவ் என்ற தேர்வை நீக்குங்கள். ஏற்கெனவே போட்டதை எக்ஸ்ப்ளோட் செய்யுங்கள்.
- ஓட்டை லேயரை ஆஃப் செய்வதைவிட ஃப்ரீஸ் செய்வது மேல். ஃப்ரீஸ் ஆன லேயரை ரீஜென் (திரையை மறுபடி கணக்கிட்டு வரைவது) தொடாது.
- பர்ஜ் கமாண்டை முன்னால் ஒரு கோடிட்டுத் தட்டினால் ரெக்ஆப்ஸ் (பிற மென்பொருள்கள் பதிந்துவிட்டுப்போன பெயர்கள்) என்ற தேர்வு வரும். பல கைகள் மாறி வந்த ஃபைலில் குப்பை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதன் பிறகு ஆடிட் (ஃபைலின் பிழை திருத்தும் கமாண்ட்).
- செலக்ஷன் பிரிவியூவை 0 ஆக்குங்கள். ஸ்னாப்பில் சென்டர் மட்டும் இருக்கட்டும்.

எண்ணிக்கை கூடுதலாக வருகிறது

க்விக் செலக்டில் சர்க்கிளை மட்டும் தேர்ந்தெடுத்தால் கீழே எண்ணிக்கை தெரியும். 48,647 வர வேண்டிய இடத்தில் 48,986 வந்தால் வித்தியாசம் 339. வரிசைகளின் எண்ணிக்கையும் 339. அதாவது ஒவ்வொரு வரிசையிலும் ஒரு ஓட்டை இரட்டித்திருக்கிறது. இரண்டு அர்ரே சேருமிடத்தில் பொதுவான நெடுவரிசையை இரண்டுமே போட்டிருக்கும். வித்தியாசம் 169 என்றால், பாதி பேனலை இடவலமாக மிரர் செய்தபோது நடுக்கோட்டில் இருந்த ஓட்டைகள் தம்மேலேயே விழுந்திருக்கும்; நடுக்கோட்டில் ஓட்டை வருவது 169 இடைப்பட்ட வரிசைகளில் மட்டும்தான். இப்படி வித்தியாசத்தின் அளவே எங்கே தப்பு என்று காட்டிக்கொடுக்கும்.

ஓவர்கில் (ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதை நீக்கும் கமாண்ட்) போடுங்கள். அதன் டாலரன்ஸ் இயல்பாக 0.000001-ல் இருக்கும், அது போதாது. இரண்டு ஓட்டைகள் ஆயிரத்தில் ஒரு பங்கு விலகியிருந்தாலும் விட்டுவிடும். 0.01 கொடுங்கள். பிளாக்குக்குள் (ஒரே பொருளாகக் கட்டிய தொகுப்புக்குள்) இருப்பதை ஓவர்கில் பார்க்காது என்பதால் பிளாக்கை முதலில் உடையுங்கள். முடிந்ததும் மறுபடி எண்ணுங்கள்.

லேசரில் இரட்டை ஓட்டை என்றால் அதே வட்டத்தை இரண்டாம் முறை வெட்டி விளிம்பைக் கருக்கும். பஞ்சிங்கில் விளைவு மோசம். ஏற்கெனவே ஓட்டை விழுந்த இடத்தில் பஞ்ச் மறுபடி இறங்கும். மையம் கொஞ்சம் விலகியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் உலோகம் மாட்டி டூல் ஒடியும்.

எண்ணிக்கை சரி, ஆனால் கடைசி வரிசை ஓரத்தில் முட்டுகிறது

வரிசை இடைவெளியை எத்தனை தசமத்துக்கு எழுதினீர்கள் என்று பாருங்கள். 6.9282-க்குப் பதில் 7 போட்டிருந்தால் 338 இடைவெளியில் 24 மி.மீ. நீண்டுவிடும். 6.9 போட்டிருந்தால் 9.5 மி.மீ. குறையும். 6.93 போட்டாலே 0.6 மி.மீ. தள்ளும். நான்கு தசமம் எழுதுங்கள்.

தொடக்கப் புள்ளியையும் கண்ணால் வைக்காதீர்கள். அகலத்தில் 143 × 8 = 1144, மீதி 56, இரு பக்கமும் 28. உயரத்தில் 338 × 6.9282 = 2341.73, மீதியில் பாதி 29.13. முதல் சர்க்கிளின் மையம் (28, 29.13). இடைப்பட்ட வரிசை 32-ல் தொடங்கும்.

ஓரத்தில் அரை ஓட்டைகள் தெரிந்தால் யாரோ பெரிய அர்ரேயைப் போட்டு பேனல் விளிம்பில் டிரிம் செய்திருக்கிறார்கள். அரை வட்டம் லேசரில் ரம்பப் பல் போன்ற விளிம்பைத் தரும். பஞ்சிங்குக்குச் சொல்லவே வேண்டாம். விளிம்பிலிருந்து 25 மி.மீ. உள்ளே ஒரு செவ்வகம் போட்டு, அதைத் தொடுகிற, அதற்கு வெளியே இருக்கிற எல்லாவற்றையும் அழியுங்கள்.

ஒரு பேனலின் வரிசை பக்கத்துப் பேனலோடு சேரவில்லை

தனித்தனியே மையப்படுத்திய பேனல்களைப் பக்கத்தில் மாட்டினால் புள்ளி ஓட்டம் இணைப்பில் தடுமாறும். தொடர்ச்சி வேண்டுமென்றால் பேனல் அகலமும் இணைப்பு இடைவெளியும் சேர்ந்து பிட்ச்சின் மடங்காக இருக்க வேண்டும். 1200 + 10 = 1210; இது 8-ன் மடங்கில்லை. பேனலை 1198 ஆக்கினால் 1208, அதாவது 151 × 8.

உயரத்தில் இரண்டு வரிசைக்கு ஒருமுறைதான் இடைப்புள்ளி அதே இடத்துக்குத் திரும்பும். ஆகவே மடங்கு 6.9282 இல்லை, 13.8564. 174 மடங்கு 2411.01. பேனல் உயரம் 2401, இடைவெளி 10. இந்த ஒற்றை மி.மீ. மாற்றத்தை சைட்டில் ஃப்ரேம் அடிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஆபரேட்டர் ‘இதில் வட்டமே இல்லையே’ என்கிறார்

முதலில் உங்கள் திரையைச் சந்தேகப்படுங்கள். வட்டம் கோணலாகத் தெரிந்தால் ரீஜென் போடுங்கள். வியூரெஸ் (திரையில் வட்டம் எவ்வளவு நயமாகத் தெரியும் என்பது) எண் குறைவாக இருந்தாலும் அப்படித் தெரியும், வெட்டும்போது பிரச்சினை வராது. சந்தேகம் தீர ஒரு ஓட்டையைத் தொட்டு பிராப்பர்ட்டீஸைப் பாருங்கள். சர்க்கிள் என்று வந்தால் நல்லது. பாலிலைன் (தொடர்கோடு), லைன், ஸ்ப்லைன் (வளைகோடு), எலிப்ஸ் (நீள்வட்டம்) என்று வந்தால் ஆபரேட்டர் சொன்னது உண்மை.

பாலிலைன் என்றால் பெரும்பாலும் ஸ்கெட்ச்அப்பில் இருந்தோ கோரல்டிராவில் இருந்தோ வந்திருக்கும். ஸ்கெட்ச்அப் வட்டத்துக்கு இயல்பாக 24 பக்கம். நம் பேனலுக்குக் கணக்கிட்டால் 48,647 வட்டம் 11,67,528 கோடுகளாகிவிடும். லேசர் தலை ஒவ்வொரு மூலையிலும் வேகம் குறைத்துத் திரும்பும். பஞ்சிங் மென்பொருளோ இதை 5 மி.மீ. உருண்டை டூலோடு பொருத்தத் தெரியாமல் விழிக்கும். சீரான பிட்ச் உள்ள பேனலென்றால் பழுது பார்க்கவே வேண்டாம்: எல்லாவற்றையும் அழித்துவிட்டு மேலே சொன்ன தொடக்கப் புள்ளியில் புது அர்ரே போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

லைன் துண்டுகள் என்றால் ஹேட்ச்சை (பரப்பை நிரப்பும் கோட்டு வடிவத்தை) உடைத்திருக்கிறார்கள். ஹேட்ச் பேட்டர்ன் நேர்கோடுகளால் மட்டுமே ஆனது; அதில் வட்டம்போலத் தெரிவது குட்டிக் கோடுகளின் சேர்க்கை. வெட்டும் டிராயிங்குக்கு ஹேட்ச் ஆகாது.

எலிப்ஸ் என்றால் பிளாக்கை அகலத்தில் ஒரு அளவும் உயரத்தில் ஒரு அளவுமாக இழுத்து, பிறகு எக்ஸ்ப்ளோட் செய்திருக்கிறார்கள். வட்டம் நசுங்கிவிட்டது. ஓட்டையை இழுக்கக்கூடாது, பிட்ச்சைத்தான் மாற்ற வேண்டும்.

ரைனோ, கிராஸ்ஹாப்பரில் செய்தவர்கள் டிஎக்ஸ்எஃப் (வெட்டு மென்பொருள் படிக்கும் ஃபைல் வடிவம்) எடுக்கும்போது திட்டத் தேர்வில் கேம் மெட்ரிக் அல்லது ஆர்12 லைன்ஸ் அண்ட் ஆர்க்ஸ் வைக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்ப்லைன் கலந்து வரக்கூடும்.

அளவு 25 மடங்கு பெரிதாக, அல்லது சிறிதாகத் திறக்கிறது

2400 இருந்த இடத்தில் 60,960 வந்தால் மி.மீ.-ஐ அங்குலமாகப் படித்திருக்கிறது. 94.49 வந்தால் தலைகீழ். 2.4 வந்தால் ஆர்க்கிடெக்ட் மீட்டரில் வரைந்ததை நீங்கள் மாற்றவில்லை. ஃபைலின் அலகைச் சொல்லும் இன்ஸ்யூனிட்ஸை 4 என்று வைத்தால் மி.மீ. அதோடு ஓட்டை லேயருக்கு வெளியே சரியாக 100 மி.மீ. நீளத்தில் ஒரு கோடு போட்டு ‘100’ என்று எழுதுங்கள். பென்டிரைவில் போனாலும் வாட்ஸ்அப்பில் போனாலும் அந்தக் கோட்டை அளந்து பார்த்தால் போதும்.

ஓட்டைகள் நடுங்குகின்றன, ஸ்னாப் தவறுகிறது, சில ஓட்டைகள் வேறெங்கோ போய் விழுகின்றன

நடுக்கத்துக்குக் காரணம் சர்வே ஆயத்தொலை. வேலூர் வட்டாரம் யூடிஎம் (உலக வரைபட ஆயத்தொலை முறை) 44-வது மண்டலத்தில் வருகிறது; வடக்கு அளவு சுமார் 14 லட்சம் மீட்டர். மனை சர்வே மேல் வரைந்ததை மி.மீ. ஆக்கினால் 140 கோடியைத் தாண்டும் எண்கள். அவ்வளவு பெரிய எண்ணோடு நூறில் ஒரு பங்கு மி.மீ.-ஐயும் சுமக்கப் பல வெட்டு மென்பொருளுக்குத் துல்லியம் இருக்காது. பேனலின் கீழ் இடது மூலையை 0,0-க்கு நகர்த்திவிட்டு டிஎக்ஸ்எஃப் எடுங்கள்.

சில ஓட்டைகள் மட்டும் மூலப்புள்ளியின் மறுபக்கம் கண்ணாடிப் பிம்பமாக விழுந்தால் அந்தச் சர்க்கிள்களின் பிராப்பர்ட்டீஸில் நார்மல் இசட் -1 என்று இருக்கும். முப்பரிமாணத்தில் மிரரோ சுழற்சியோ செய்ததால் வட்டம் தலைகுப்புறக் கிடக்கிறது. ஆட்டோகேடில் கண்ணுக்குத் தெரியாது, வெட்டு மென்பொருளில் தெரியும். ஃப்ளாட்டன் போட்டு மறுபடி பாருங்கள். மாறவில்லையென்றால் அந்த ஓட்டைகளைப் புதிதாக வரையுங்கள். சேமிக்கும்போது 2000 அல்லது ஆர்12 வடிவம் பழைய மெஷின்களுக்கும் ஒத்துவரும்.

படம் வைத்த பேனலில் உருவம் தெரியவில்லை

கோட்டை மதில், யாளி, தெய்வ உருவம் என்று மண்டப முகப்புக்குப் படம் கேட்கும்போது ஓட்டை விட்டத்தை மாற்றி மாற்றி உருவம் கொண்டுவருகிறோம். இங்கே தப்பு பெரும்பாலும் கணிதத்தில்தான். கண்ணுக்குத் தெரியும் கருமை ஓட்டையின் பரப்பைப் பொறுத்தது, விட்டத்தைப் பொறுத்ததில்லை. பிட்ச் 20, அதிகபட்ச ஓட்டை 16 என்று வையுங்கள். 25 சதவீதக் கருமைக்கு 16-ல் கால் பங்கான 4 மி.மீ. போட்டால் கிடைப்பது 6.25 சதவீதம்தான். நடுத்தர நிழல்களெல்லாம் வெளுத்துப்போகும். 16-ஐக் கருமையின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள்: 25 சதவீதத்துக்கு 8 மி.மீ., 50 சதவீதத்துக்கு 11.3 மி.மீ.

அடுத்து, புள்ளி எண்ணிக்கை. 20 பிட்ச்சில் 1200 × 2400 பேனலுக்கு 60 × 120 புள்ளிதான். படத்தை முதலில் 60 × 120 பிக்சலுக்குச் சுருக்கி, கைபேசியில் கையெட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். அதில் முகம் அடையாளம் தெரியாவிட்டால் சுவரிலும் தெரியாது. ஒரு பேனலில் அடக்காமல் ஐந்து பேனலுக்குப் பரப்புங்கள்.

மென்பொருள் 11.31, 11.34, 11.38 என்று நூற்றுக்கணக்கான விட்டங்களைத் தரும். லேசர் எல்லாவற்றையும் வெட்டும், பஞ்சிங் வெட்டாது. 4, 6, 8, 10, 12, 14, 16 என ஏழாகத் திரட்டுங்கள், அதுவும் பட்டறையில் எந்த டூல் இருக்கிறது என்று கேட்ட பிறகு. ஒவ்வொரு விட்டத்துக்கும் தனி லேயர் வைத்தால் எண்ணுவது எளிது.

கடைசியாக ஒன்று, பலர் பேனல் மாட்டிய பிறகுதான் கவனிக்கிறார்கள். பகலில் வெளியே நின்று பார்த்தால் ஓட்டை கறுப்பு, தகடு வெளிச்சம். இரவில் உள்ளே விளக்கெரிந்தால் ஓட்டை வெளிச்சம், தகடு கறுப்பு; படம் நெகட்டிவாகிவிடும். கல்யாண மண்டபத்துக்குக் கூட்டம் வருவது மாலை வரவேற்புக்குத்தான் என்றால் இரவுக்கு வரையுங்கள். இதை வாடிக்கையாளரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

எழுத்தின் நடுப்பகுதி உதிர்ந்துவிடுகிறது

பெயரைத் தகட்டில் வெட்டி எடுத்தால் மூடிய சுழிகள் கீழே விழும். ‘வேலூர்’ என்ற சொல்லின் முதல் எழுத்திலேயே கொம்பின் சுழியும் வகரத்தின் வயிறும் போய்விடும். ஒவ்வொரு மூடிய சுழிக்கும் தகட்டுத் தடிமனைப்போல இரண்டு மடங்காவது அகலமுள்ள பாலம் விடுங்கள், பெரிய எழுத்தென்றால் இரண்டு பாலம். பாமினி வகை எழுத்துருவில் தட்டியது பட்டறைக் கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். அனுப்பும் முன் அவுட்லைனாக மாற்றுங்கள். அவுட்லைன் ஸ்ப்லைனாக வந்தால் பிலைன்கன்வர்ட்மோட் 1 என்று வைத்து, ஸ்ப்லைன்எடிட்டில் பாலிலைனாக மாற்றினால் கோட்டுத் துண்டுகளுக்குப் பதில் ஆர்க் கிடைக்கும்.

வரைந்தது ஷீட்டில் அடங்கவில்லை, மடித்ததும் ஓட்டை நீள்கிறது

கடையில் 8-க்கு 4 என்று கேட்டால் வருவது 2440 × 1220. 1200 அகலப் பேனலுக்கு இரு பக்கமும் 25 மி.மீ. மடிப்பு வைத்தால் விரிப்பு அகலம் (மடிப்பதற்கு முன் தகட்டின் அகலம்) 1250 ஆகாது, மடிப்பில் உலோகம் நீள்வதைக் கழிக்க வேண்டும். அந்தக் கழிவைப் புத்தகத்தில் தேடாமல் பட்டறையிலேயே எடுங்கள்: அதே தகட்டில் 100 மி.மீ. பட்டையை நடுவில் 90 டிகிரி மடித்து இரு காலையும் வெளிப்பக்கம் அளந்து கூட்டுங்கள். 103.6 வந்தால் கழிவு 3.6. விரிப்பு 1200 + 50 - 7.2 = 1242.8. 1220 ஷீட்டில் இது அடங்காது. 1250 ஷீட்டில் பக்கத்துக்கு 3.6 மி.மீ. மட்டுமே மிஞ்சும், கிளாம்ப் பிடிக்கவும் ஓரம் சுத்தம் செய்யவும் போதாது. ஷீட் அளவு தெரிந்த பிறகே பேனல் அகலத்தை முடிவு செய்யுங்கள். மடிப்புள்ள பேனலுக்கு 1150 அகலம் வைத்தால் 1250 ஷீட்டில் நிம்மதியாக அடங்கும்.

மடிப்புக் கோட்டுக்கு மிக அருகில் உள்ள ஓட்டை முட்டை வடிவமாக நீளும். தடிமனின் 2.5 மடங்கோடு மடிப்பின் உள் ஆரத்தையும் கூட்டிய தூரம் ஓட்டை விளிம்புக்கும் மடிப்புக்கும் இடையே வேண்டும். 2 மி.மீ. தகடு, 2 மி.மீ. ஆரம் என்றால் 7 மி.மீ.

தகடு அலையலையாக வளைந்து வருகிறது

ஓட்டை நெருக்கம்தான் காரணம். பஞ்சிங்கில் ஓட்டை விட்டமும், இரு ஓட்டைக்கிடையே மிஞ்சும் பாலமும் தடிமனுக்குக் குறையக்கூடாது. துருப்பிடிக்காத எஃகுக்கு ஒன்றரை மடங்கு வையுங்கள். நம் பேனலில் பாலம் 3 மி.மீ., தகடு 2 மி.மீ., சரியாக இருக்கிறது. ஒரு ஓரம் 25-ம் மறு ஓரம் 80-மாக இருந்தாலும் தகடு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். ஓரங்களைச் சமமாக வையுங்கள். பஞ்சிங் முடிந்ததும் ரோலரில் விட்டுச் சமப்படுத்தித் தரச் சொல்லி ஆர்டரிலேயே எழுதுங்கள்.

திறப்பு விகிதத்தில் (தகட்டுப் பரப்பில் ஓட்டை எத்தனை சதவீதம் என்பதில்) குழப்பம் வந்தாலும் இங்கேயே தீரும். இடைப்புள்ளிக்கு விட்டத்தின் வர்க்கத்தை பிட்ச்சின் வர்க்கத்தால் வகுத்து 90.69-ஆல் பெருக்கினால் 35.4 சதவீதம். நேர்ப்புள்ளிக்கு 78.54-ஆல் பெருக்க வேண்டும். ஆனால் ஓரத்தையும் சேர்த்து முழுப் பேனலுக்கு 33.2 சதவீதம்தான். எதைச் சொல்கிறீர்கள் என்று டிராயிங்கில் குறியுங்கள். எடையும் அதே கணக்கில் வரும்: ஓட்டையில்லாமல் 15.6 கிலோ, ஓட்டை போட்ட பின் சுமார் 10.4.

மெஷின் நேரம் நினைத்ததைவிடப் பல மடங்கு ஆகிறது

லேசர் ஒவ்வொரு ஓட்டையையும் துளைத்து, வெட்டி, நகர வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு விநாடி என்று வைத்தாலும் நம் பேனலுக்கு 13 மணி 31 நிமிடம். நிமிடத்துக்கு 300 அடி போடும் பஞ்சிங்கில் 2 மணி 42 நிமிடம். சீரான உருண்டை ஓட்டைக்கு லேசர் தேவையில்லை. ஆயத்தமாக விற்கும் ஓட்டை ஷீட் பொருந்துமா என்றும் பாருங்கள். படம் உள்ள பேனலுக்குத்தான் லேசர்.

மே மாதத்தில் பேனல் உப்பிக்கொள்கிறது

காலையில் மாட்டியபோது நேராக இருந்தது, கத்திரி வெயிலில் நடுவில் பிதுங்குகிறது என்றால் போல்ட் ஓட்டைகள் எல்லாமே உருண்டையாக இருக்கின்றன. அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.0235 மி.மீ. நீளும். இரவுக்கும் நண்பகலுக்கும் தகட்டின் வெப்பம் 45 டிகிரி மாறினால் 2401 மி.மீ. பேனல் 2.5 மி.மீ. நீளும், அதே நீள இரும்பு 1.3 மி.மீ.தான். பேனலுக்கு மேலே நடுவில் ஒரே ஒரு உருண்டை ஓட்டை, 6 மி.மீ. போல்ட்டுக்கு 6.5. மற்றதெல்லாம் 6.5 × 12 நீள்துளை, அந்த ஒரு ஓட்டையை நோக்கிய திசையில். இந்தப் போல்ட் துளைகளைத் தனி லேயரில் வையுங்கள்; இல்லாவிட்டால் ஓட்டை எண்ணிக்கையில் கலந்துவிடும். பவுடர் கோட்டிங் துளையின் ஒவ்வொரு பக்கமும் 60 முதல் 80 மைக்ரான் ஏறுவதால் ஒவ்வொரு துளையும் 0.12 முதல் 0.16 மி.மீ. வரை சுருங்கும். அரை மி.மீ. இடைவெளி வைத்திருந்தால் அது பாதிக்காது.